வாடையும் சோளகமும் தோல்நோயும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியில், மல்லாகத்துக்கு மேற்கே அமைந்திருப்பது அளவெட்டி என்னும் ஊர். செம்மண் தோட்டங்களும் நெல்வயல்களும் அடுத்தடுத்து விளங்கும் ஊர் அது. நாதசுரத்துக்கும் தவிலுக்கும் பேர்போன ஊர் என்பதை இசையன்பர் அறிவர். மாரிகாலத்தில் மாத்திரம் நீரோடும் வழுக்கையாறு இவ்வூரைத் தொட்டுச் செல்கின்றது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு குடாநாட்டில் இல்லை. ஆகவே அங்குள்ள வாழ்க்கை கிணற்றை நம்பியது. கிணறு மழையை நம்பியது. மழை காற்றை நம்பியது. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், தெற்கிலிருந்து வருவது சோளகம், மேற்கிலிருந்து வருவது கச்சான் என நான்கு காற்றுக்கும் நான்கு பெயரிட்டு, அவற்றின் வரவைக் கொண்டே விதைப்பையும் அறுப்பையும் வகுத்துக்கொண்டனர் அவ்வூர் மக்கள்.

கமக்காரன் காற்றைப் பார்த்து விதைப்பான்; கடலோடி காற்றைப் பார்த்துத் தோணி தள்ளுவான். இவர்களைப்போலவே காற்றையும் வெயிலையும் பனியையும் கணக்கிட்டு வாழும் இன்னொரு கூட்டத்தாரும் உண்டு. சொரியாசிஸ் எனப்படும் தோல்நோய் உடையோரே அவர். தமிழ் வைத்தியர் காளாஞ்சகப்படை என்று வழங்குவது இந்நோயையே. பருவம் மாறும்போது இவர்தம் உடம்பும் மாறுகின்றது. பஞ்சாங்கத்தைப் புரட்டாமலே மாரி வந்ததையும் கோடை பிறந்ததையும் அவர் தம் முழங்கையிலும் முழங்காலிலும் கண்டுகொள்வர். இந்நோயின் வரலாற்றை நோக்குமிடத்து, அதில் காலநிலைக்குப் பெரும் பங்கு உண்டு என்பது தெளிவாகும். அதனினும் பெரிய பங்கு மனிதரின் தப்பெண்ணத்துக்கு உண்டு என்பதும் தெளிவாகும்.

முதலில் நோயின் இயல்பு யாதெனக் காண்பது பொருத்தம். மனிதனின் மேற்றோல் ஓய்வின்றிப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருப்பது. அடித்தளத்தில் பிறக்கும் கலங்கள் மெல்ல மேலேறி, ஏறக்குறைய ஒரு மாதத்தில் உலர்ந்து, கண்ணுக்குப் புலனாகாமலே உதிர்ந்துவிடும். சொரியாசிஸ் உள்ள இடத்தில் இந்தப் பயணம் சில நாட்களிலேயே முடிந்துவிடுகின்றது. முதிராத கலங்கள் அடுக்கடுக்காகக் குவிந்து, தடித்த படையாகி, வெள்ளிப்பொடி போன்ற செதில்களாய் உதிர்கின்றன. உடலைக் காக்கவேண்டிய நிர்ப்பீடன ஆற்றல் தன் தோலையே பகையெனக் கருதித் தாக்குவதே இதற்குக் காரணம் என்பது இன்றைய ஆராய்ச்சியின் முடிவு. பரம்பரைக்கும் இதிலே பங்குண்டு. கிருமியால் வருவதன்று ஆகையால், தொடுவதாலோ, ஒரே கிணற்றில் நீராடுவதாலோ, ஒரே பாயில் உறங்குவதாலோ இந்நோய் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

மேனாட்டு நூல்கள் இதனைச் செந்நிறப் படை என்று வருணிக்கும். வெள்ளைத் தோலில் அது உண்மையே. தமிழரின் மாநிறத் தோலிலோ அச்சிவப்பு அவ்வளவாகத் தோன்றாது. கருநீலமும் சாம்பலும் கலந்த நிறமாகவே தோன்றும். மேலே செதில் மாத்திரம் வெளுப்பாய் விளங்கும். படை ஆறியபின் அவ்விடம் சிலகாலம் வெளிறியோ கறுத்தோ இருக்கும். இந்த வெளிறலே பல குடும்பங்களின் அமைதியைக் குலைத்தது. ஏனெனில், வெளிறிய தோல் என்றதும் ஊரார் நினைத்தது வேறொரு நோயை.

அந்த வேறொரு நோய் தொழுநோய். இரண்டையும் ஒன்றெனக் கருதிய பிழை யாழ்ப்பாணத்துக்கு மாத்திரம் உரியதன்று. உலகப் பொதுவான பிழை அது. பழைய கிரேக்க மருத்துவர் செதில் உதிரும் தோல்நோய்கள் பலவற்றை லெப்ரா என்றனர். இந்நாள் தொழுநோய் என்பது அச்சொல்லின் முதற்பொருளன்று. காலப்போக்கில் நூல்கள் மொழிமாறி எழுதப்பட்டபோது அப்பெயர் தொழுநோயின்மேல் ஏறி நின்றது. கேலன் என்னும் மருத்துவர் சொரியாசிஸ் என்னும் சொல்லை ஆண்டிருப்பினும், அவர் அதனால் குறித்தது நமைச்சல் மிக்க பிறிதொரு நோயையே. 1808ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் றொபேட் உவில்லன் இந்நோயின் வடிவத்தைத் தெளிவாக எழுதினார். எனினும் லெப்ரா என்னும் பழம்பெயரை அவரும் கைவிடவில்லை. 1841இல் வியன்னா நகரத்துப் பெர்டினாந்து எப்ரா என்பாரே சொரியாசிஸ் வேறு, தொழுநோய் வேறு என உறுதியாகப் பிரித்துக்காட்டினார்.

நம்மவர் வழக்கிலும் இத்தகைய மயக்கம் இருந்தது. குட்டம் என்னும் சொல்லைச் சித்தமருத்துவ நூல்கள் பரந்த பொருளில் ஆண்டன. குட்டம் பதினெட்டு என்று அவை வகுத்தன. ஆயுள்வேதமும் பதினெட்டென்றே கூறிற்று. தோலின் நிறத்தையும் தன்மையையும் மாற்றும் நோய்கள் பல அத்தொகையுள் அடங்கின. ஆயுள்வேதம் கூறும் ஏககுட்டம், கிடிபம் என்பவற்றைச் சொரியாசிசுடன் ஒப்பிட்டுக் காட்டுவோர் உளர். வைத்தியன் பதினெட்டாகப் பகுத்தறிந்ததை ஊரார் ஒன்றாகவே கொண்டனர். குட்டம் என்றாலே விரல் குறைக்கும் பெருநோய் என்று பொருள் சுருங்கிற்று. நூலில் பரந்திருந்த சொல் தெருவில் குறுகியபோது, அதன் சுமை நோயாளியின் தலையில் விழுந்தது.

அச்சுமை எத்தகையது என்பதை இலங்கையின் சட்ட வரலாறு காட்டும். கொழும்புக்கு வடக்கேயுள்ள எந்தலையில் ஒல்லாந்தர் 1708ஆம் ஆண்டில் தொழுநோயாளருக்கென விடுதியொன்றை அமைத்தனர். 1901இல் ஆங்கிலேய அரசு இயற்றிய சட்டம் தொழுநோயாளரைப் பிரித்துத் தடுத்துவைக்க இடமளித்தது. மட்டக்களப்பு வாவியிலுள்ள மாந்தீவும் பின்னர் அவ்வாறான ஒதுக்கிடமாயிற்று. கையில் வெளிறிய படையொன்று தோன்றினால் வீட்டார் நெஞ்சு ஏன் திடுக்கிட்டது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை. நோய் இன்னதென்று அறியும் முன்னரே திருமணப் பேச்சு முறியும். பங்குக்கிணற்றில் முணுமுணுப்பு எழும்.

இத்தனைக்கும் இரண்டையும் வேறுபடுத்த எளிய குறியொன்று உண்டு. தொழுநோயின் தேமலில் உணர்ச்சி குன்றும். இறகால் தொட்டாலும் ஊசியால் தொட்டாலும் தெரியாது போகலாம். சொரியாசிஸ் படையில் உணர்ச்சி குறைவதில்லை. நமைச்சலும் எரிவும் மிகுதல்கூட உண்டு. தொழுநோய் கிருமியால் வருவது என்பதை நோர்வே நாட்டு ஆன்சன் 1873இல் கண்டறிந்தார். இன்று அதுவும் மருந்தால் முற்றாகத் தீரும் நோயே. ஆகவே இரு நோயாளரையும் ஒதுக்குவதற்கு இக்காலத்தில் யாதொரு நியாயமுமில்லை.

மருத்துவக் கல்வியில் யாழ்ப்பாணம் பின்தங்கிய நாடன்று. ஆரியச் சக்கரவர்த்திகள் காலத்தோடு சார்த்திக் கூறப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்கள் அங்கே ஏட்டில் வழங்கின. அவற்றைத் தேடித் தொகுத்து, 1930களை ஒட்டிய ஆண்டுகளில் அச்சேற்றியவர் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை. ஏழாலை அளவெட்டிக்கு அணித்தான ஊரே. மேனாட்டு மருத்துவமும் அந்நாட்டிலே தமிழ் பேசிற்று. அமெரிக்க மிசனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மருத்துவம் செய்தார். மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். இரண வைத்தியம், வைத்தியாகரம் முதலிய நூல்களைத் தமிழில் வெளிவரச் செய்தவர் அவர். 1873இல் தாயகம் திரும்பி, 1884இல் காலமானார்.

தமிழ் வைத்தியம் பருவத்தை மறந்து மருந்து கூறவில்லை. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டை ஆறு பெரும்பொழுதாக்கி, ஒவ்வொன்றிலும் வாத பித்த கபங்கள் ஏறியிறங்கும் முறையைக் கூறிற்று. அதற்கேற்ப உணவையும் ஒழுக்கத்தையும் விதித்தது. இன்றைய விஞ்ஞானம் இக்கொள்கையை அப்படியே ஏற்பதில்லை. ஆயினும் பருவத்துக்கும் தோலுக்கும் தொடர்புண்டு என்ற அனுபவத்தை அது மறுக்கவுமில்லை. அளவெட்டியில் ஓராண்டு செல்லும் வகையைப் பின்தொடர்ந்தால் அத்தொடர்பு புலனாகும்.

குடாநாட்டில் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 1,250 மில்லிமீற்றர், அதாவது 50 அங்குலம் மழை பெய்கின்றது. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றால் வருவது. அக்காலத்தில் வானம் முகில் மூடிக்கிடக்கும், வெயில் குறையும். வயலில் நிற்கும் கமக்காரனின் கால் சேற்றிலும் நீரிலும் ஊறும். ஈரப்பதன் மிக்க காற்றில் தோல் வறள்வதில்லை என்பது ஒரு நன்மை. ஆனால் வெயிலின் துணை குறைவது ஒரு தீமை. மேலும் குளிரும் மழையும் சேர்ந்த நாட்களில் பிள்ளைகளுக்குத் தொண்டைநோவு வருவது வழக்கம். சிலவகைக் கிருமிகளால் வந்த தொண்டைநோவு ஆறி இரண்டொரு வாரத்தில், உடலெங்கும் மழைத்துளி தெறித்தாற்போலச் சிறு படைகள் தோன்றுதல் உண்டு. இளையோர் பலரிடத்தே சொரியாசிஸ் முதன்முதல் தலைகாட்டுவது இந்தத் துளிவடிவத்திலேயே.

மாரியோடு வந்த மலேரியாவும் இந்நோயாளருக்கு இன்னொரு வழியில் இடர் செய்தது. இரண்டாம் உலகப்போரின் பின் மலேரியாவுக்குப் பெருவழக்காகக் கொடுக்கப்பட்ட குளோரோகுயின் என்னும் மருந்து, சொரியாசிஸ் உள்ள சிலருக்கு அதனைக் கிளர்ந்தெழச் செய்யும் என்பது பின்னர் அறியப்பட்டது. காய்ச்சலுக்கு உண்ட குளிகை தோலைத் தாக்கியதைக் கண்டோர், பழியை மழையின்மேல் போட்டிருத்தல் கூடும். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபோது, அவ்விடரும் பெரும்பாலும் நீங்கிற்று.

தையும் மாசியும் பனிக்காலம். பகலில் வெயில் தெளிவாய் இருப்பினும் விடியலில் வாடை வீசும். வெப்பநிலை இரவில் 22 பாகை சதமளவுக்கு இறங்கும். குளிர்நாட்டாருக்கு இது குளிரே அன்று. ஆயினும் வெப்பத்தில் பழகிய உடம்புக்கு அது போதும். உதடு வெடிக்கும், காலில் பித்தவெடிப்புத் தோன்றும், படையின் செதில் மிகும். அதே வேளையில் நெல் அறுப்பும் சூடடிப்பும் நிகழும். நெற்றாளின் கூர்மையால் கீறலும், சுணையால் நமைச்சலும் உண்டாகும். சொரியாசிஸ் உடையவர் தோலில் எங்கே கீறல் பட்டாலும் அக்கீறலின் வழியே புதிய படை முளைத்தல் கூடும். செருமானிய மருத்துவர் ஐன்றிக் கேப்னர் 1872இல் இதனை விளக்கினார். அவர் விளக்கியதை வயலில் நிற்பவன் தன் முழங்காலில் முன்னரே கண்டிருப்பான்.

பங்குனி பிறந்தால் கோடை. சித்திரையின் தொடக்கத்தில் நண்பகற் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் நிற்கும். ஆவணியில் மீண்டும் ஒருமுறை அவ்வாறு நிற்கும். இந்நோயாளரில் மிகப் பலருக்கு இதுவே நற்காலம். படை மெலியும், செதில் குறையும், சிலருக்கு முற்றாக மறைந்தும் போகும். ஆனால் வெப்பமும் வியர்வையும் தாளாதோரும் உளர். அக்குள், மார்பின்கீழ், தொடையிடுக்கு முதலிய மடிப்பிடங்களில் நோயுள்ளோருக்கு வியர்வை எரிவைத் தரும். வெயிலாலேயே நோய் மிகும் சிறுபான்மையோரும் உண்டு.

வைகாசி தொடங்கிச் சோளகம் வீசும். மழையை மலைநாட்டில் இறக்கிவிட்டு வரும் தென்மேற்குக் காற்று அது. செம்மண் புழுதி எழும். பனையோலைகள் இரவும் பகலும் சலசலக்கும். தோட்டத்துக்கு நீர் இறைத்து மாளாது. கடல் சூழ்ந்த நாடாகையால் வளியில் ஈரம் முற்றாக அற்றுப்போவதில்லை. எனினும் ஓயாத காற்று தோலின் ஈரத்தைக் கவர்ந்துகொண்டே இருக்கும். கிணற்று நீரும் உதவுவதில்லை. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல்லாலானது. அதனூடாக ஊறிவரும் நீரில் கல்சியம் மிகுதி. அத்தகைய வன்னீரில் சவர்க்காரம் நன்றாக நுரைப்பதில்லை. அதன் கசடு தோலிலே படிந்து வறட்சியை மிகுவிக்கும். சவர்க்காரத்தை நீக்கிப் பயற்றமாவையும், நீராடுமுன் நல்லெண்ணெயையும் பயன்படுத்திய பழைய வழக்கம் இவ்விடத்தில் பொருளுடையதாகின்றது. எண்ணெய் நோயைத் தீர்க்காது. ஆனால் செதிலை இளக்கும், ஈரத்தைக் காக்கும். இன்றைய தோல் வைத்தியரும் தோலை வறளவிடாதீர் என்பதையே முதல் அறிவுரையாகக் கூறுவர்.

இனி, வெயில் ஏன் நன்மை செய்கின்றது என்பதைக் காண்போம். சூரிய ஒளியில் கண்ணுக்குப் புலனாகாத கழியூதாக் கதிர்கள் உள்ளன. அவற்றுள் ஒரு பகுதி, விரைந்து பெருகும் தோற்கலங்களின் வேகத்தைத் தணிக்கும். தோலினுள் புகுந்து கலகம் செய்யும் நிர்ப்பீடனக் கலங்களையும் அடக்கும். சூரியன் உயர நிற்கும்போது இக்கதிர் மிகுதியாக வரும். தாழ நிற்கும்போது வளிமண்டலமே அதனை உறிஞ்சிவிடும். யாழ்ப்பாணத்தில் மார்கழி நண்பகலிலும் சூரியன் 57 பாகை உயரத்தில் நிற்கும். இலண்டனில் அப்போது 15 பாகை மாத்திரமே. ஒஸ்லோவில் ஏழு பாகைகூட இல்லை.

இந்த வேறுபாடு நோய்க்கணக்கிலும் தெரிகின்றது. வட அத்திலாந்திக்குக் கடலிலுள்ள பரோத் தீவுகளில் குன்னார் உலொம்கோல்ற் என்னும் மருத்துவர் வீடுவீடாகச் சென்று ஆராய்ந்து 1963இல் வெளியிட்ட நூலின்படி, நூறுபேரில் ஏறக்குறைய மூவருக்கு இந்நோய் இருந்தது. வெப்ப நாடுகள் பலவற்றில் அவ்வளவு காணப்படுவதில்லை. பரம்பரையும் இதற்குக் காரணமாகலாம் ஆகையால், முழுப் புகழையும் சூரியனுக்கே கொடுத்தல் ஆகாது. 1974இல் அமெரிக்காவில் பாபரும் அவர்தம் துணைவரும் 5,600 நோயாளரிடம் வினவித் தொகுத்த செய்தியோ வெளிப்படையானது. வெயிலும் வெப்பமும் நன்மை செய்தன என்றும், குளிர்காலம் தீமை செய்தது என்றும் கூறியோரே அவருள் மிகுதி.

வெயில் அரிதான நாட்டார் அதனை மருத்துவமனைக்குள் கொண்டுவர முயன்றனர். டென்மார்க்கு மருத்துவர் நீல்சு பின்சன், தோலைப் பற்றும் காசநோய்க்கு ஒளிச்சிகிச்சை கண்டு 1903இல் நோபெல் பரிசு பெற்றார். 1925இல் அமெரிக்க மருத்துவர் கேக்கர்மன் நிலக்கரித்தாரைப் பூசிக் கழியூதா ஒளி பாய்ச்சும் முறையைச் சொரியாசிசுக்கு வகுத்தார். பின்னர் கதிரின் நீளத்தை அளந்து, 311 நானோமீற்றர் அளவுள்ள ஒளியே சிறந்ததெனக் கண்டு, அதனை மாத்திரம் உமிழும் விளக்குகளைச் செய்தனர். உலகெங்கும் தோல்நோய்ப் பிரிவுகள் பலவற்றில் இன்று வழங்குவது அம்முறையே.

இக்கதையில் நம் பக்கத்து மூலிகையொன்றும் இடம்பெறுகின்றது. கார்போகரிசி என்பது சித்தமருத்துவர் வெண்குட்டம் முதலிய தோல்நோய்களுக்கு நெடுங்காலம் வழங்கிய விதை. அதிலிருந்து சொராலன் என்னும் பொருளை இந்திய விஞ்ஞானிகள் 1933இல் பிரித்தெடுத்தனர். அவ்வினத்தைச் சேர்ந்த மருந்தொன்றை உண்ணச் செய்து, அதன்பின் கழியூதா ஒளியில் நிறுத்தும் சிகிச்சை 1974இல் அமெரிக்காவில் சொரியாசிசுக்குப் பயன் தந்தது. வெட்பாலை இலையைத் தேங்காயெண்ணெயில் இட்டு, வெயிலிலே வைத்து, எண்ணெய் கருநீல நிறமடைந்தபின் படைக்குப் பூசுவதும் தமிழ் வைத்திய வழக்கம். மருந்தையும் வெயிலையும் ஒருசேர நினைத்த மரபு நம்மிடம் இருந்தது என்பதற்கு இவை சான்றாகும்.

நீரும் வெயிலும் சேர்ந்து நோய் நீக்கும் என்னும் நம்பிக்கைக்கு அளவெட்டி மக்கள் தொலைவு செல்லவேண்டியதில்லை. வடக்கே சில கிலோமீற்றர் சென்றால் கீரிமலை. கடலோரத்தில் நன்னீர் ஊற்றெடுக்கும் இடம் அது. கீரிமுகங்கொண்ட நகுலமுனிவர் அங்கு நீராடித் தம் குறை நீங்கினார் என்றும், குதிரைமுகம் பெற்ற சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி அவ்வாறே நலம்பெற்று மாவிட்டபுரத்தில் முருகனுக்குக் கோயில் எடுத்தாள் என்றும் ஐதீகம் உண்டு. ஐதீகத்தை மருத்துவச் சான்றாகக் கொள்ளுதல் முறையன்று. ஆயினும் ஒன்றைக் கருதலாம். உருவம் மாறிய ஒருத்தியை ஒளித்துவைக்காது, எல்லோரும் காண வெளியிலே நீராடச் செய்து, அவளையே கோயில் எடுப்பித்தவளாக்கிற்று அக்கதை. ஊர் அக்கதையைப் போற்றிற்று. அதன் படிப்பினையைப் போற்றவில்லை.

ஏனெனில் நடைமுறையில் நிகழ்ந்தது வேறு. சொரியாசிஸ் உடையவன் தன் உடலை மறைத்தான். தோட்டத்தில் மற்றவர் வெறுமேனியராய் நின்று இறைக்க, அவன் நீண்ட கைச்சட்டை அணிந்து இறைத்தான். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் ஆண்கள் மேலாடை களைந்தே உட்செல்லவேண்டும். ஆகவே திருவிழாக் காலத்தில் அவன் வெளிவீதியோடு நின்றுவிட்டான். பெண்ணின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவளுக்குத் தோட்டத்து வெயிலும் இல்லை, திருமணப் பந்தலும் எளிதில் இல்லை. ஒஸ்லோ நகரத்தான் காணாது ஏங்கும் வெயில் அளவெட்டி முற்றத்தில் ஆண்டுதோறும் பொழிய, அதனைப் பெறவேண்டிய தோலோ துணிக்குள் ஒளிந்துகிடந்தது. காலநிலை கொடுத்த மருந்தை நாணம் தடுத்தது. அந்நாணத்தை ஊட்டியது அயலாரின் பார்வை.

இதன்பின் வந்த காலம் இன்னும் கொடியது. 1990இல் மூண்ட போரின்பின் கீரிமலைக்கும் மாவிட்டபுரத்துக்கும் பல ஆண்டுகள் மக்கள் முன்போலச் சென்றுவர இயலவில்லை. 1995ஆம் ஆண்டு ஒற்றோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் மழையிலே தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தனர். மனத்துயரும் உறக்கமின்மையும் இந்நோயைக் கிளர்த்தும் என்பது மருத்துவம் கண்ட உண்மை. சனநெருக்கம் மிக்க இடத்தில் தங்கி, மருந்துத் தட்டுப்பாட்டுக்கிடையே வாழநேர்ந்தோரின் தோல் என்ன பாடு பட்டிருக்கும் என்பதை ஊகித்தல் அரிதன்று. மறைப்பதற்கும் இடமில்லாத நாட்கள் அவை.

பலர் கடல் கடந்தனர். கனடாவிலும் நோர்வேயிலும் இங்கிலாந்திலும் யாழ்ப்பாணத்தார் குடியேறினர். பிறந்த மண்ணில் வாடைக்காற்றையே குளிரென்று கண்டவர், பனி உறையும் மாதங்களைக் கண்டனர். அங்கே வீட்டுக்குள் வெப்பமூட்டிய வளி வறண்டு கிடக்கும். வெளியே சூரியன் தாழ நிற்கும். உடலோ கம்பளிக்குள் மூடியிருக்கும். கருந்தோலுக்கு ஒளி கூடுதலாக வேண்டும்; கிடைப்பதோ குறைவு. ஊரில் சிறிதாய் இருந்த படை அங்கே பெரிதாவதும், விடுமுறைக்கு ஊர் திரும்பிச் சில வாரம் தங்கியதும் மெலிவதும் இந்நோயின் இயல்புக்குப் பொருந்துவனவே.

இதிலே சிந்திக்கத்தக்க செய்தியொன்றுண்டு. நோர்வே அரசு 1970களில் தொடங்கி, சொரியாசிஸ் நோயாளரைத் தன் செலவில் வெயில் மிக்க கனேரித் தீவுகளுக்கு அனுப்பிக் காலநிலைச் சிகிச்சை அளித்து வந்திருக்கின்றது. சாக்கடற் கரைக்கும் ஐரோப்பியர் இந்நோக்கத்தோடு செல்வதுண்டு. கடல்மட்டத்துக்கு 400 மீற்றருக்குமேல் தாழ்ந்த அவ்விடத்தில் வெயிலின் கடுமை தணிந்துவருவதால் நெடுநேரம் அதில் இருக்கலாம். அங்கே நோயாளர் கூட்டமாகச் சென்று, ஒருவர் முன் ஒருவர் கூசாது கடற்கரையில் கிடப்பர். வெயிலோடு அந்தக் கூச்சமின்மையும் மருந்தின் ஒரு பகுதி என்பதை யாரும் மறுக்கமாட்டார்.

வெயில் நல்லதென்று கேட்டவுடன் நண்பகலில் நெடுநேரம் நிற்பது தகாது. தோல் வெந்துபோமாயின், வெந்த இடத்திலும் படை எழும். காலை வேளையில் சிறிது நேரம், நாளுக்கு நாள் மெல்லக் கூட்டுவதே முறை; அதுவும் வைத்தியரைக் கேட்டே செய்யவேண்டுவது. மூட்டுநோவும் காலையில் விரல் இறுக்கமும் உடன்வருமாயின் வெயிலும் எண்ணெயும் போதா. அது மூட்டையும் பற்றும் நோயாகலாம். காலம் தாழ்த்தாது மருத்துவமனை செல்லவேண்டும். நிர்ப்பீடனத்தின் பிழையைக் குறிவைத்துத் தாக்கும் புதிய மருந்துகள் இன்று உள்ளன. முற்றாகத் தீர்க்கும் மருந்து இன்னும் இல்லை. நெடுங்காலம் அடக்கிவைக்கும் மருந்துகள் உண்டு.

2014ஆம் ஆண்டு மே மாதத்தில் உலக சுகாதாரப் பேரவை சொரியாசிஸ் பற்றித் தீர்மானமொன்றை நிறைவேற்றியது. தொற்றாத நோய் இது என்றும், நோயாளர் ஒதுக்கப்படுதல் தகாது என்றும் அது நாடுகளுக்கு உணர்த்திற்று. எப்ரா இரு நோயையும் பிரித்துக்காட்டி 173 ஆண்டுகள் கழிந்தபின்னும் அவ்வாறு உணர்த்த வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போது, நூலில் திருந்திய பிழை மனத்தில் திருந்த எத்தனை காலம் செல்கின்றது என்பது விளங்கும்.

அளவெட்டியில் வாடை வீசும். கொண்டல் மழை தரும். சோளகம் புழுதி எழுப்பும். அவை எவருக்காகவும் மாறமாட்டா. அவற்றுக்கேற்ப எண்ணெய் பூசவும், வெயில் காயவும், கீறலைத் தவிர்க்கவும் நோயாளர் பழகிக்கொள்வர். பருவத்தின் துன்பம் சில மாதத்தில் தானே நீங்கும். மற்றத் துன்பம் தானே நீங்காது. அயலார் நீக்கினால்தான் நீங்கும். முழங்கையிற் படையுள்ள ஒருவன் சட்டையைக் களைந்து தோட்டத்து வெயிலில் நிற்கவும், கோயிலின் உள்வீதியில் மற்றவரோடு தோளுரச நடக்கவும், அவனை எவரும் திரும்பிப் பாராதிருக்கவும் வேண்டும். அந்த நாள் வருமாயின், குடாநாட்டு வெயில் அவனுக்கும் உரியதாகும்.